'இனி எனக்கெதற்கு?' என்று சொல்லாதீர்கள்



வெள்ளவத்தைக் காலி வீதியிலுள்ள புடைவைக் கடைகளில் பண்டிகைக் காலங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. மகளுக்காக நான்கைந்து சேலைகளை விரித்துப் பார்த்து, மருமகளுக்கு ஒன்றைத் தெரிந்தெடுத்து, கணவருக்கும் சட்டை வாங்கி முடித்த தாயிடம், "உங்களுக்கு ஒன்றும் வேண்டாமா, அம்மா?" என்று கடைப்பிள்ளை கேட்பார். "இனி எனக்கெதற்கு?" என்று அந்தத் தாய் சிரித்தபடியே விடை கூறுவார். கொட்டாஞ்சேனையிலும் இதே விடைதான். ஐம்பதை எட்டிய தந்தையரும் இதையே வேறு சொற்களில் கூறுகின்றனர்.

இந்தச் சொல்லைத் தியாகம் என்று போற்ற நாம் பழகிவிட்டோம். சில வேளைகளில் அது தியாகமே. ஆனால் பல வேளைகளில், தன்னைப் பற்றிய நம்பிக்கை சிறிது சிறிதாக அணைந்து வருவதன் அடையாளமாகவே அது ஒலிக்கின்றது. நரை கண்டு, உடல் பருத்து, முகத்தில் கோடுகள் விழுந்தபின், தம்மைப் பிறர் பார்க்கத் தேவையில்லை என்று ஒருவர் முடிவு செய்துகொள்கிறார். முதலில் நிழற்படத்தில் நிற்க மறுக்கிறார். பிறகு ஆலயத்தில் வாசகம் வாசிக்க அழைத்தால் தயங்குகிறார். பிறகு தூணுக்குப் பின்னால் இருக்கும் இருக்கையே அவருக்கு உரியதாகிவிடுகிறது. திருமண அழைப்பு வந்தால் முழங்கால் வலியைக் காரணம் காட்டுகிறார். ஈற்றில், கனடாவில் இருக்கும் மகனோடு கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசும் வேளையிலும், கமெராவை மேற்கூரையின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறார். உடையில் தொடங்கும் பின்வாங்கல் உறவில் வந்து முடிகின்றது. ஆகவே இது அலங்காரம் பற்றிய சிறிய விடயமன்று. நம் குடும்பங்களின் ஆன்மிக வாழ்வைத் தொடும் விடயம்.

நம் நகரத்தில் இதற்குத் தனியான ஒரு வரலாறும் உண்டு. இன்று ஐம்பது வயதை ஒட்டி நிற்பவர்கள் 1983 ஆடியில் சிறு பிள்ளைகள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் கடைகளும் எரிந்ததைக் கண்ட கண்கள் அவை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அவர்கள் இருபது வயதை ஒட்டிய இளையோர். கொழும்புக்கு வந்து, விடுதி அறைகளிலும் ஒற்றை அறை வீடுகளிலும் தங்கி, பொலிஸ் பதிவுக்காக வரிசையில் நின்று, தங்கள் இளமையைக் கழித்தவர்கள் பலர். 2007 ஜூன் 7ஆம் திகதி விடிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களின் விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டதையும், உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனைத் தடுத்ததையும் நாம் மறந்துவிடவில்லை.

அந்த ஆண்டுகளில் உடுத்துவதற்கு ஒரே விதிதான் இருந்தது: கண்ணில் படாதிருத்தல். சோதனைச் சாவடி நெருங்கும்போது நெற்றிப் பொட்டை அழித்த பெண்கள் உண்டு. சேலை உடுத்தினால் அடையாளம் தெரியும் என்று அதனை அலுமாரியில் பூட்டி வைத்தவர்கள் உண்டு. பளிச்சென்ற நிறம் வேண்டாம், கூட்டத்தில் தனித்துத் தெரிய வேண்டாம் என்று தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். அன்று அது அறிவுடைமை. ஆனால் 2009 மேயில் போர் முடிந்த பின்னரும் அந்தப் பழக்கம் பலருடைய உள்ளத்தை விட்டு அகலவில்லை. இளமையில் அச்சத்தால் மறைந்தவர்கள், நடுவயதில் கூச்சத்தால் மறைகிறார்கள். "இழந்த தன்னம்பிக்கையை மீட்டெடுங்கள்" என்று பிற நாட்டார் நடுவயதினருக்கு அறிவுரை கூறுவர். நம்மில் பலருக்கோ அது மீட்டெடுக்கும் வேலையன்று. முதன்முறையாகக் கண்டடைய வேண்டிய ஒன்று.

"தாழ்ச்சி வேண்டாமா, தந்தையே? புறத்தோற்றத்தை ஆண்டவர் பார்ப்பதில்லையே?" என்று சிலர் கேட்கக்கூடும். மனிதர் முகத்தைப் பார்க்க, ஆண்டவரோ அகத்தைப் பார்க்கிறார் என்பது சாமுவேல் இறைவாக்கினர் கற்றுக்கொண்ட பாடம். அது உண்மை. ஆயினும் அதே ஆண்டவர் மலைப்பொழிவில் நோன்பைப் பற்றிப் பேசும்போது என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். வாடிய முகத்தோடு உலாவ வேண்டாம் என்கிறார். தலைக்கு எண்ணெய் தடவி, முகம் கழுவி வெளியே வரச் சொல்கிறார். தவம் செய்யும் நாளிலேயே இப்படியென்றால், மற்ற நாட்களில் நாம் ஏன் வாட்டத்தை உடுத்திக்கொண்டு திரிய வேண்டும்?

திருச்சபையின் பெரிய ஆசிரியர்களும் இதனை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் புனித தோமா அக்குவினார், உடையில் மிகையாகச் செய்வது மட்டும் குறையன்று, குறைவாகச் செய்வதும் குறையே என்று கற்பிக்கிறார். செய்ய வேண்டிய சிறு முயற்சியையும் செய்யாத சோம்பல் ஒரு குறை. தன் அலங்கோலத்தையே பெருமையாகக் காட்டிக்கொள்வது மற்றொரு குறை. அந்த இரண்டாவது குறை நம் வீடுகளில் சில வேளைகளில் தாழ்ச்சி என்னும் பெயரோடு நடமாடுகின்றது. பத்திரிகையாளரின் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சலேசியார், குடும்ப வாழ்வில் இருப்போருக்காக 1609இல் வெளியிட்ட நூலில் உடைக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். இறைப்பற்றுள்ளோர் எந்தக் கூட்டத்திலும் நன்றாக உடுத்தியவர்களாக இருக்க வேண்டும், ஆனால் ஆடம்பரம் அவர்களிடம் எள்ளளவும் இருக்கலாகாது என்பது அவருடைய விருப்பம். வெளித்தூய்மை உள்தூய்மையின் அடையாளம் என்று கூறும் அவர், முதியோர் இளையோர் போல வேடமிடுவதைக் கண்டு நகைக்கவும் தவறவில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி, பலர் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுவோம். நம்மிடையே கணவரை இழந்த சகோதரிகள் பலர். போர், கடல், நோய் என்று காரணங்கள் பல. நாற்பது வயதில் விதவையான ஒரு பெண் நிறமுள்ள சேலை உடுத்தினால், தலைவாரிப் பூ வைத்தால், ஆலய வாசலிலேயே கண்கள் பேசத் தொடங்குகின்றன. கிறிஸ்தவர்களாகிய நாமும் இதற்கு விலக்கல்லர். விதவை எந்த நிறம் உடுத்த வேண்டும் என்று திருச்சபையின் சட்டம் எங்கும் விதிக்கவில்லை. துக்கம் காப்பது அன்பின் உரிமை. ஆனால் அது வாழ்நாள் தண்டனையாக மாறுவது நற்செய்தியன்று.

நமது திருவிவிலியத்திலுள்ள யூதித்து நூலைத் திறந்து பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் சாக்கு உடையும் கைம்பெண் கோலமுமாக இருந்தவர் யூதித்து. தம் மக்களுக்கு ஆபத்து வந்தபோது அவர் முதலில் முகங்குப்புற விழுந்து மன்றாடினார். பிறகு எழுந்து, துக்க உடையைக் களைந்து, நீராடி, நறுமணத் தைலம் பூசி, கூந்தலை வாரி, கணவர் உயிரோடிருந்த காலத்தில் தாம் அணிந்த விழாக்கால ஆடையை உடுத்திக்கொண்டார். அணிகலன்களையும் ஒன்றொன்றாக அணிந்தார் என்று நூல் பொறுமையாக எண்ணிச் சொல்கின்றது. எதிரியின் படைத்தலைவனை வீழ்த்தவே அவர் அலங்கரித்துக்கொண்டார் என்பது வேறு கதை. நாம் கவனிக்க வேண்டியது அந்த வரிசை: முதலில் செபம், பின்னர் அலங்காரம், பின்னர் பிறருக்கான பணி. அவரை அந்தக் கோலத்தில் கண்ட ஊர் மூப்பர்கள் வியந்து, இறைவனின் அருளை வேண்டி வாழ்த்தி வழியனுப்பினார்கள். நம் பங்குகளின் மூப்பர்கள் அதனைக் கற்றுக்கொள்வார்களாக!

மறுபக்கத்தில் நிற்கும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். தன்னம்பிக்கையைக் கடையில் வாங்கலாம் என்னும் மயக்கம் அது. ஏழு நாட்களில் வெண்மை தருவதாகக் கூறி விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகின்றது. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. இலங்கையும் இணைந்துள்ள மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் 2025க்குள் ஒழிப்பதென 2023இல் அதன் உறுப்பு நாடுகள் முடிவு செய்தன. வேறு சில பூச்சுகளில் மருத்துவர் சீட்டின்றிப் பாவிக்கக்கூடாத ஸ்டீரொயிட் மருந்துகள் உண்டு. அவை தோலை மெலிவித்துவிடும். லேபிளில் உள்ளடக்கம் எழுதப்படாத எதையும் முகத்தில் தடவாதீர்கள். மேலும், ஆண்டவர் தந்த கரிய நிறத்தைக் கழுவ வேண்டிய அழுக்காக எண்ணுவது, படைத்தவரிடமே குறை காண்பதாகும்.

உடலில் நிகழும் மாற்றங்களைப் புரிந்துகொள்வதும் மனத்துக்கு ஆறுதல் தரும். பெரும்பாலான பெண்களுக்கு 45க்கும் 55க்கும் இடையில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதனையொட்டித் தோல் உலர்வதும், கூந்தல் மெலிவதும், இடை பருப்பதும் இயற்கை. அது ஒழுக்கக் குறையுமன்று, சோம்பலுமன்று. திடீரென முடி கொட்டினாலோ எடை கூடினாலோ தைரொயிட் குறைபாடாகவும் இருக்கலாம். அழகு நிலையத்துக்குப் போகுமுன் மருத்துவரிடம் போங்கள். நரையைப் பொறுத்தவரை, நேர்மையாய் வாழ்ந்தவரின் மணிமுடி என்று நீதிமொழிகள் நூல் அதனைப் போற்றுகின்றது. சாயம் பூசுவதும் பூசாமல் விடுவதும் உங்கள் விருப்பம், பாவமுமில்லை, புண்ணியமுமில்லை. வெள்ளை அங்கி அணியும் குருக்களாகிய எங்கள் அறையிலும் கண்ணாடி உண்டு. எங்கள் தலையிலும் நரை உண்டு.

அப்படியானால் என்னதான் செய்வது? பணம் வேண்டியதில்லை, 2022இன் நெருக்கடிக்குப் பிறகு பல குடும்பங்களில் அதற்கு இடமுமில்லை. அலுமாரியைத் திறவுங்கள். 'மெலிந்த பிறகு போடலாம்' என்று பத்து ஆண்டுகளாக மடித்து வைத்த சட்டைகளைத் தையற்காரரிடம் கொண்டுபோய் இன்றைய அளவுக்குத் தைத்துக்கொள்ளுங்கள். முடியாதவற்றைத் தேவையுள்ளோருக்குக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பொருந்தும் நிறத்தை நீங்களே தெரிந்தெடுங்கள். விருந்தினருக்காக மட்டும் எடுக்கும் சேலையை ஒரு ஞாயிறு ஆண்டவருக்காக எடுங்கள். ஆண்களும் முகம் மழித்து, சட்டையை அழுத்தி, காலணியைத் துடைத்துக்கொண்டு புறப்படலாம். புனித அன்னை தெரேசா 1948இல் தம் 38ஆம் வயதை எட்டும் வேளையில்தான் பழைய துறவாடையைக் களைந்து, நீலக்கரையிட்ட மலிவான வெண்பருத்திச் சேலையை முதன்முதலாக உடுத்தினார். அவருடைய சகோதரிகளுக்கு ஆளுக்கு மூன்றே சேலைகள். ஆயினும் உலகில் எவரும் அந்தக் கோலத்தைக் கண்டு ஏழ்மை என்று இகழ்ந்ததில்லை. தைத்துத் தைத்து உடுத்தினாலும் துவைத்துத் தூய்மையாக உடுத்தியதே அதன் அழகு.

குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. "என்ன, இப்படிக் கொழுத்துவிட்டீர்கள்?", "முகம் கறுத்துப் போச்சே, வருத்தமா?" என்று திருப்பலி முடிந்த கையோடு நலம் விசாரிக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். அன்பாகத்தான் கேட்கிறோம் என்று சொல்வோம். ஆனால் அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரி வேறு நேரத்துத் திருப்பலிக்குப் போய்விடுகிறார். ஆகஸ்ட் மாதத்தில் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரே, இங்குள்ளோரின் வயதை உங்கள் வயதோடு ஒப்பிட்டு வியக்காதீர்கள். வெயிலிலும் வரிசையிலும் கழிந்த ஆண்டுகளின் கணக்கு வேறு. கணவர்மாரே, உங்கள் மனைவி நன்றாக உடுத்தி வரும்போது வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைகளே, "இந்த வயசில உங்களுக்கு இது தேவையா, அம்மா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். உங்கள் பாடசாலைச் சீருடைக்காக அவர் வாங்காமல் விட்ட சேலைகளுக்குக் கணக்கில்லை.

இறுதியாக, 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். அன்று நாடெங்கும் 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிர் தப்பியவர்களுள் முகத்திலும் கைகளிலும் தழும்புகளோடு வாழ்வோர் இன்றும் நம் நடுவே இருக்கின்றனர். சேதமுற்ற அந்தத் திருத்தலம் அதே ஆண்டு ஜூனில், திருவிழாவை ஒட்டி மீண்டும் திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூன் 13இல் மக்கள் தங்களிடமுள்ளவற்றுள் நல்லதை உடுத்திக்கொண்டு அங்கே திரள்கிறார்கள். தழும்பு உள்ளவர்களும் வருகிறார்கள். தலை குனியாமல் வருகிறார்கள். நடுவயதின் சில கோடுகளுக்காக நாம் ஏன் மறைய வேண்டும்?

உயிர்த்த ஆண்டவர் மகிமையின் உடலோடு தோன்றியபோதும் தம் காயங்களை அழித்துவிடவில்லை. தோமாவுக்கு அவற்றைக் காட்டினார். நம்மை அன்பு செய்ததன் தடங்கள் அவை. உங்கள் கண்ணோரத்துச் சுருக்கங்களும் யாரோ ஒருவருக்காக விழித்திருந்த இரவுகளின் தடங்களே. அவற்றை மறைக்கவும் வேண்டாம்; அவற்றின் பின்னால் மறையவும் வேண்டாம். வரும் ஞாயிறு முகம் கழுவி, தலைவாரி, உங்களிடமுள்ள நல்ல ஆடையை உடுத்தி, தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு வரிசை முன்னே வந்து அமருங்கள். உங்களைக் காண்பதில் ஆண்டவருக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியை உங்கள் குடும்பத்துக்கும் கொடுங்கள்.