எதிராளி கொடுத்த காற்று

காலைக் காப்பி வேளையில் கடலில் இறங்கி 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் தலை துவட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை. ஸைக்கிளில் ஏறி 180 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். அதோடாவது விட்டார்களா? இறங்கிய காலோடு 42 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும்! ஹவாய்த் தீவிலுள்ள கோனா என்ற ஊரில் நடந்து பெயர்பெற்ற இந்தப் பந்தயத்துக்கு 'அயர்ன்மேன்' என்று பெயர். அதாவது இரும்பு மனிதன். பெயர் வைத்தவர்களுக்கு மனுஷிகளின் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது. போகட்டும். அந்தப் பந்தயத்தை ஒரு கலக்குக் கலக்கிய பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

கிறிஸ்ஸி வெல்லிங்டன் 1977-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். படித்தார், சர்க்கார் உத்தியோகம் பார்த்தார், நேபாளத்துக்குப் போய்க் குடிநீர், சுகாதார வசதிக்கான திட்டத்தில் வேலை செய்தார். அங்கே ஓய்வு வேளைகளில் மலைப்பாதைகளில் ஸைக்கிள் மிதித்ததில் காலும் மூச்சும் உரம் ஏறின. 2007-ல், முப்பதாவது வயதில், நிரந்தர உத்தியோகத்தை உதறிவிட்டுப் பந்தயமே ஜீவனம் என்று இறங்கினார். நம் வீடாயிருந்தால் "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டிருப்போம். அந்த வருஷம் அக்டோபரிலேயே கோனாவில் முதலாவதாக வந்தார். கூட ஓடியவர்களில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது!

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த வருஷத்துக் கதை.

2008-ம் வருஷப் பந்தயம். எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைகளுக்கு நடுவே கொதிக்கும் சாலை. கிறிஸ்ஸி ஸைக்கிளில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது டயர் பஞ்சராகிவிட்டது. புது டியூப் மாட்டிவிட்டார். காற்றடைக்க வேண்டுமே! அதற்காகக் கையோடு கொண்டு வந்த வாயுக் குப்பிகள் வீணாகிப் போயின. பின்னால் விட்டு வந்த பெண்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போகிறார்கள். சுமார் பத்து நிமிஷம் பறிபோயிற்று. ஒரு வருஷத்துப் பாடும் சாலையோரத்தில் நிற்கிறது.

அப்போது வந்தார் ரெபெக்கா கீட் என்ற ஆஸ்திரேலியப் பெண். அவரும் அதே பரிசுக்காகத்தான் வந்தவர்; அவருக்கும் இதுதான் ஜீவனம். கிறிஸ்ஸி கேட்டதும் தம்மிடமிருந்த ஒரு குப்பியை அவரிடம் போட்டுவிட்டுப் போனார். தம் டயர் பஞ்சரானால் என்ன செய்வது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சக்கரத்தில் காற்று ஏறியது. கிறிஸ்ஸி எல்லோரையும் மறுபடி துரத்திப் பிடித்து, அன்றைக்கும் முதலாவதாகவே வந்தார்!

2009-ல் ஜெர்மனியில் ரோத் என்ற ஊரில் இதே தூரப் பந்தயம். அதில் கிறிஸ்ஸி முதல், ரெபெக்கா இரண்டாவது. வாங்கிய உதவிக்காகப் பந்தயத்தை விட்டுக்கொடுக்கவும் இல்லை. கொடுத்தவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. உதவி வேறு, போட்டி வேறு என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. நாத்தனார், ஓரகத்திகளுக்கு நடுவிலும் இது தெரிந்திருந்தால் எத்தனை வீடுகளில் நிம்மதியாக இருக்கும்!

2011-ல் கோனாவுக்கு இரண்டு வாரம் முன்பு ஸைக்கிளிலிருந்து விழுந்து, காலெல்லாம் தோல் உரிந்து, மார்பிலும் அடிபட்டது. அந்த உடம்போடு போய் நான்காவது தடவையாக வென்றார். அதற்குப்பின் அந்தத் தூரத்தில் அவர் போட்டியிடவில்லை. 2012 டிசம்பரில் ஓய்வை அறிவித்தார். இந்தத் தூரத்தில் கலந்துகொண்ட 13 பந்தயங்களிலும் அவருக்குத் தோல்வியே கிடையாது. 2011-ல் ரோத்தில் அவர் போட்ட 8 மணி 18 நிமிஷக் கணக்கை வேறொரு பெண் முறியடிக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வளவிலும் எனக்கு மிகப் பிடித்தது வேறு. ஹவாயில் பந்தயம் நள்ளிரவுவரை நடக்கும். மாலையிலேயே ஜயித்துவிட்ட கிறிஸ்ஸி, போய்ப் படுத்துக்கொள்ளாமல் எல்லைக்கோட்டில் வந்து நின்றுகொள்வார். தள்ளாடித் தள்ளாடிக் கடைசியில் வருகிறவர்களைக் கை தட்டி வரவேற்று, கழுத்தில் பதக்கம் அணிவிப்பார். ரெபெக்காவிடம் வாங்கியதை அவர் திருப்பிக் கொடுத்தது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.