மார்பில் பதக்கம், நெஞ்சில் நஞ்சு



வீரப்பதக்கம் பெற்ற ஒருவரின் படத்தைக் கண்டால் நம் பார்வை முதலில் அந்தப் பதக்கத்தில்தான் விழும். அதை அணிந்தவர் அதற்குப் பிறகு நிம்மதியாக உறங்கினாரா என்று நாம் கேட்பதில்லை. இம்மாதம் அப்படி ஒருவரைப் பற்றிப் பேசுவோம்.

அவர் பெயர் மீர் தஸ்த். இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கே திராஹ் மலைப்பகுதியைச் சேர்ந்த அப்ரீதிப் பட்டாணியர். பிரித்தானிய இந்திய இராணுவத்தின் காலாட்படையில் ஜமேதார். இந்தியர் அடையக்கூடிய அதிகாரிப் பதவிகளில் அது முதற்படி. 1908 இல் மொஹ்மந்த் சண்டையில் காட்டிய தீரத்துக்காக ஏற்கனவே விருது பெற்றவர். பிரித்தானியாவின் அதியுயர் விருதான விக்டோரியா குரொஸ், இந்தியப் படையினருக்கு 1911 இல்தான் திறந்துவிடப்பட்டது.

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜேர்மனியர் குளோரின் நச்சுவாயுவை ஏவினர். நான்கு நாட்களின் பின், 26 ஆம் திகதி, மீர் தஸ்தின் படை எதிர்த்தாக்குதலில் இறங்கியது. மீண்டும் வாயு வந்தது. முறையான முகமூடி எதுவும் இல்லை. படையணியில் வெள்ளை அதிகாரி ஒருவரும் மிஞ்சாத நிலையில், சிதறியவர்களைத் திரட்டி, பின்வாங்கும் உத்தரவு வரும்வரை அவர்களைக் கட்டிக்காத்தார் மீர் தஸ்த். பின்னர் குண்டுமழைக்கிடையே, பிரித்தானியரும் இந்தியருமாக எட்டு அதிகாரிகளைத் தூக்கிவர உதவினார்.

அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவருடைய சகோதரர் மீர் மஸ்த், அவரும் ஒரு ஜமேதார், சில வீரர்களுடன் ஜேர்மனியர் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரே வீட்டுப் பிள்ளைகள். இருவருக்கும் இரு பாதைகள்! இருவருமே பிறருடைய யுத்தத்தில் நின்றவர்கள்தாம்.

ஆகஸ்ட் மாதம் பிரைட்டன் நகரின் அரச மாளிகையில் மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் மீர் தஸ்துக்கு விக்டோரியா குரொஸை அணிவித்தார். அம்மாளிகை அப்போது இந்திய வீரர்களின் வைத்தியசாலை. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் அங்கே சமையலறைகள்கூட வெவ்வேறு. மன்னர் முன் நின்ற மீர் தஸ்த் கேட்டது என்ன தெரியுமா? ஒரு தடவை காயம்பட்டவனை மறுபடியும் பதுங்குகுழிக்கு அனுப்ப வேண்டாம் என்பதுதான்.

பிறகு ஊருக்கு எழுதிய கடிதத்தில், பதக்கம் நல்லதுதான், ஆனால் இந்த வாயு தன்னை ஓய்ந்திருக்க விடவில்லை, தன் கதை முடிந்தது என்று மனம்விட்டார். தணிக்கை அதிகாரிகள் பிரதி எடுத்து வைத்ததால் அவ்வார்த்தைகள் இன்றும் இருக்கின்றன. நச்சுவாயுவின் கேட்டைச் சுமந்தபடியே வாழ்ந்து, 1945 இல் அவர் காலமானார்.

சிந்தித்துப் பாருங்கள். பதக்கம் ஒரு நாளின் துணிவுக்குத் தரப்படுகிறது. அந்த நாளின் விலையையோ அவர் முப்பது வருடங்கள் செலுத்தினார். யுத்த வீரர்களின் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, பதக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கடிதத்தையும் சொல்லுங்கள்.