மலையடிவாரத்து அமைதி யாருக்கு?

திண்டுக்கல்லிலிருந்து மதுரை ரோட்டில் பஸ்ஸில் போகிற தோழர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். அம்பாத்துரை, காந்திகிராமம், சின்னாளபட்டி என்று சிறுமலையின் ஓரத்தை ஒட்டியே ரோடு போகிறது. முன்பு சோளமும் திராட்சைப் பந்தலும் இருந்த காடுகளில் இன்று வெள்ளைக் கல் நட்டிருக்கிறார்கள். கல்லுக்குக் கல் கொடி பறக்கிறது. பக்கத்தில் ஆளுயர விளம்பரப் பலகை. மலைக் காற்றாம், மாசில்லாத தண்ணீராம், அமைதியான சூழலாம், மதுரைக்கு ஒரு மணி நேரப் பயணமாம். மனை வாங்க வசதி இல்லாதவர்களுக்குக் கட்டின வீடு வாடகைக்கும் உண்டாம். ஆனால் நல்ல குடும்பத்தாருக்கு மட்டும்!

நல்ல குடும்பம் என்றால் என்ன என்பதைப் பலகையில் எழுத மாட்டார்கள். வீடு கேட்டுப் போகிறவனிடம் நேரில் கேட்பார்கள்: “நீங்க என்ன ஆளுக?” பதில் பிடிக்காவிட்டால் வீடு நேற்றே முடிந்துவிட்டது என்பார்கள். அடுத்த வாரமும் அந்தக் கதவில் ‘டு லெட்’ தொங்கும். 1950-இல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. வாடகை வீட்டு வாசற்படியில் அது இன்னும் காவல் நிற்கிறது.

அமைதி நல்ல பொருள்தான். அதை நாம் கேலி செய்யவில்லை. அது யாருக்கு வேண்டும் என்பதுதான் நமது கேள்வி. மில்லிலே ரிங் பிரேமுக்கு நடுவில் எட்டு மணி நேரம் நிற்கிறவனைக் கேளுங்கள். பக்கத்தில் நிற்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் காதருகே போய்க் கத்த வேண்டும். முழு நைட் பார்த்துவிட்டு, பஞ்சுத் தூசி படிந்த தலையோடு காலையில் வீட்டுக்கு வருகிறான். பத்துக்குப் பத்து அறை. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பத்து மணிக்கெல்லாம் அது அடுப்பாகிவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடித்தனத்தின் மிக்ஸி, வாசலில் குழாயடிச் சண்டை, கைக்குழந்தையின் அழுகை. இதற்கு நடுவில் அவன் தூங்கி எழுந்து மறுபடி நைட் ஷிப்டுக்குப் போக வேண்டும். கண் அசந்தால் கை போய்விடும். திண்டுக்கல் மாவட்டத்தில் அமைதியான வீடு யாருக்கேனும் மருந்து போல் அவசியம் என்றால், அது இவனுக்குத்தான். பலகை இவனைக் கூப்பிடவில்லை.

நல்ல தண்ணீர் என்று விளம்பரம் செய்கிறார்களே, ஊருக்குள் இருந்த நல்ல தண்ணீர் எங்கே போயிற்று? பேகம்பூர்க் கிணறுகளைக் கேட்டால் தெரியும். தோல் ஷாப்புகளின் கழிவு நீர் எத்தனையோ ஆண்டுகளாக மண்ணில் இறங்கியது. 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, வடாற்காட்டோடு திண்டுக்கல் மாவட்டத்துத் தோல் ஷாப்புகளையும் சேர்த்தே சொன்னது. ஷாப்புக்கு 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. கெட்ட கிணறு அபராதத்தால் நல்ல கிணறாகிவிடாது. தோலில் வந்த லாபம் ஒரு பக்கம் போயிற்று; உப்புத் தண்ணீர் தோல் ஷாப்புத் தொழிலாளியின் குடத்துக்கு வந்தது. ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீருக்கும் காவிரித் தண்ணீருக்கும் நகரம் குடத்தோடு காத்து நிற்கிறது. பணம் உள்ளவர்கள் கெட்டுப்போன ஊரை நமக்கு விட்டுவிட்டுக் கெடாத மலையடிவாரத்துக்குப் போகிறார்கள்.

இது புதுத் தந்திரமும் அல்ல. 1845-இல் வெளிவந்த தமது புத்தகத்தில் ஏங்கெல்ஸ் மான்செஸ்டர் நகரத்தை வருணித்திருக்கிறார். ஆலை முதலாளிகள் நகரத்துக்கு வெளியே காற்றோட்டமான மேட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள். அங்கிருந்து நகரத்துக்கு வரும் ரோட்டின் இரு பக்கமும் கடைகள். கடைகளுக்குப் பின்னால் இருந்த சேரிகள் அவர்கள் கண்ணில் படாமலே ஆபீசுக்குப் போய்த் திரும்ப முடிந்தது. அந்த மான்செஸ்டரிலும் பஞ்சு மில்தான்.

*வாடகையின் கணக்கு*

நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 26 நாள் வேலை கிடைத்தால் 10,400 ரூபாய். வீட்டு வாடகை 3,500 ரூபாய். அதாவது மாதத்தின் முதல் ஒன்பது நாள் அவன் மில்லுக்குப் போவது வீட்டுக்காரருக்காக. இதோடு முடிந்ததா? பத்து மாத அட்வான்ஸ் கேட்பார்கள். 35 ஆயிரம் ரூபாய். கையில் ஏது? நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்கினால் வட்டி மட்டும் மாதம் 1,050 ரூபாய். இப்போது வீட்டுக்காக உழைக்கும் நாள் பதினொன்றைத் தாண்டிவிட்டது. அந்த 35 ஆயிரமும் வீட்டுக்காரர் கையில் வட்டியில்லாக் கடனாக இருக்கிறது. கூரையில்லாதவன் கூரை உள்ளவனுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறான்! இந்த விசித்திரத்துக்குப் பெயர் பாதுகாப்பு வைப்பு. யாருக்குப் பாதுகாப்பு?

கூலி உயர்வுக்காக நாம் போராடி நாளொன்றுக்கு 20 ரூபாய் வாங்கினால், அடுத்த மாதமே வாடகையை 500 ரூபாய் ஏற்றுகிறார்கள். 26 நாளுக்கு 20 ரூபாய் எவ்வளவு? 520. மிச்சம் 20 ரூபாய் நமக்கு. சங்கத்தின் வெற்றியில் பெரும்பங்கு எங்கே போய்ச் சேருகிறது பாருங்கள். இதனால்தான் வாடகையும் ஒரு கூலிப் பிரச்சினை என்கிறோம். மில் கேட்டில் மட்டும் காவல் இருந்தால் போதாது.

கரண்டுச் சமாசாரம் ஒன்று. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் சர்க்கார் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. ஆனால் ஒரே மீட்டரில் இருந்து நாலு குடித்தனத்துக்கு வயர் இழுத்து, ஆளுக்கு ஒரு சின்ன மீட்டர் மாட்டி, முதல் யூனிட்டிலிருந்தே காசு வசூலிக்கும் வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்! சர்க்கார் கொடுத்த இலவசத்தை வீட்டுக்காரர் விலைக்கு விற்கிறார்.

*சட்டம் யார் பக்கம்?*

1960-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்று ஒரு சொல் இருந்தது. குடியிருப்பவர் ரெண்ட் கண்ட்ரோலரிடம் மனுப் போட்டு, இந்த வீட்டுக்கு நியாயமான வாடகை எவ்வளவு என்று தீர்மானிக்கச் சொல்லலாம். மனையின் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு, குடியிருப்பு வீடானால் ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வீதம் என்பது பிற்காலத்துக் கணக்கு. அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது. அதைத் தலையில் தூக்கி வைத்துக் கூத்தாட நாம் தயாரில்லை. மனை விலை ஏறினால் நியாய வாடகையும் ஏறும். அந்த ஷரத்தைக் காட்டி வாடகையை ஏற்றிய வீட்டுக்காரர்களும் உண்டு. ஒரு மாத அட்வான்ஸ் என்பதும் பல ஊர்களில் ஏட்டுச் சுரைக்காய்தான். ஆனாலும் வாடகைக்கு நியாயம் என்று ஒன்று உண்டு, அதைப் பொதுவான ஓர் அதிகாரி தீர்மானிக்கலாம் என்ற கொள்கையாவது சட்டத்தில் இருந்தது.

2017-இல் தமிழ்நாடு சட்டமன்றம் புதிய சட்டம் செய்தது. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று நீளமான பெயர். 2019 பிப்ரவரி 22-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. பழைய சட்டம் ரத்தாயிற்று. அதோடு நியாய வாடகையும் போயிற்று. புதிய சட்டப்படி வாடகை என்பது இரு தரப்பாரும் ‘ஒப்புக்கொண்ட’ தொகை. ஒப்புக்கொண்டது! மழைக்காலத்தில் கைக்குழந்தையோடு தெருவில் நிற்கிற மனிதனும், நாலு வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிய மனிதரும் சரிசமமாக உட்கார்ந்து பேசி ஒப்புக்கொள்கிறார்களாம்!

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்குவது சட்டவிரோதம் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கிறது. படித்துப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன் அந்த வாக்கியத்தின் தொடக்கத்தைப் பாருங்கள்: வேறுவிதமான ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று ஆரம்பிக்கிறது. ஆகவே பத்து மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட்டால் சட்டவிரோதம் மறைந்துவிடும். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திருடனிடமே கொடுத்த கதை!

எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். வாய்ச்சொல்லை நம்பி இருபது ஆண்டு குடியிருந்தவர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒப்பந்தம் எழுதிக்கொள்ளத் தவறினால் அதையே காரணமாகக் காட்டி வெளியேற்றக் கோரலாம். குடியிருப்பவருக்குச் சாதகமான ஷரத்துகளும் இல்லாமலில்லை. தண்ணீரையோ கரண்டையோ துண்டிக்கக் கூடாது. வாடகைக்கு ரசீது தர வேண்டும். காலி செய்தால் பாக்கி போக அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். முறையிட வேண்டியது துணைக் கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம். ஒரு நாள் கூலியை இழந்து அவர் ஆபீஸ் வாசலில் எத்தனை தொழிலாளிகள் நின்றிருக்கிறார்கள்? அப்படி ஓர் அதிகாரி இருப்பதாக எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டது?

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கடன் வாங்கி வீடு கட்டுகிறவருக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வட்டிக்குக் கழிவு தரும் முறை உண்டு. சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி பெறும் உத்தியோகஸ்தருக்கும் வரிச் சலுகை உண்டு. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத நமது வாடகைக்கு ஒரு சலுகையும் இல்லை. எல்லோருக்கும் 2022-க்குள் வீடு என்று 2015-இல் மத்திய சர்க்கார் முழங்கியது. 2022 வந்தது, போயிற்று.

*மில் ஹாஸ்டல்*

வாடகை இல்லாத வீடும் நம் மாவட்டத்தில் உண்டு! வேடசந்தூர் பக்கம் மில்களுக்குள் இருக்கும் பெண்கள் ஹாஸ்டலைச் சொல்கிறோம். கிராமத்து ஏழைப் பெண்ணை மூன்று வருஷத்துக்கு மில்லுக்குள் அடைத்து, கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று ஆசை காட்டினார்கள். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயர். மில் முதலாளியே வீட்டுக்காரர். கூப்பிட்ட நேரத்தில் ஷிப்டுக்கு எழுந்து வர வேண்டும். வெளியே போக வாட்ச்மேன் அனுமதி வேண்டும். வேலையை விட்டால் அன்றே படுக்கையும் போயிற்று. எனவே கூலி குறைவு என்று வாய் திறக்க முடியாது. இலவசக் கூரையைப் போல் விலை உயர்ந்த கூரை உலகில் இல்லை. மலையடிவாரத்து வீட்டுக்காரருக்கு வாடகை மட்டும் கொடுத்தால் போதும். இங்கே சுதந்திரத்தைக் கொடுக்க வேண்டும். பெண்கள் ஹாஸ்டல்களைப் பதிவு செய்து கண்காணிக்க 2014-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஆனால் பதிவுப் பத்திரம் கதவைத் திறந்துவிடாது. 2022-இல் பெண்கள் தலைமை தாங்கும் சங்கம் ஒன்று ஓர் ஏற்றுமதிக் கம்பெனியைப் பெண்களின் பாதுகாப்புக்காகக் கையெழுத்துப் போட வைத்தது. ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ என்று நமது ஊரின் பெயராலேயே அது வழங்குகிறது. கதவைத் திறப்பது அந்த மாதிரி வேலைதான்.

விவசாயக் கூலித் தோழர்களின் நிலை வேறு. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களை நினைத்த நேரத்தில் துரத்தக் கூடாது என்று 1961-இல் சட்டம் வந்தது. 1971-இல் அந்தக் குடியிருப்பு மனையே அவர்களுக்குச் சொந்தம் என்று இன்னொரு சட்டம் வந்தது. கீழத்தஞ்சையில் செங்கொடியின் கீழ் சிந்திய ரத்தமும், 1968-இல் கீழவெண்மணியில் எரிந்த 44 உயிர்களும் இல்லாவிட்டால் சர்க்காருக்கு அந்தப் புத்தி வந்திருக்குமா? பக்கத்துக் கேரளத்தில் 1970-இல் அமுலான நிலச் சீர்திருத்தம் குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை உரிமை கொடுத்தது. ஆனால் அப்பன் பெற்ற இரண்டு மூன்று சென்டில் இன்று மூன்று மகன்கள், மூன்று அடுப்பு. மனைப்பட்டா கேட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனால் இடமில்லை என்ற பதில். பூப்பறித்த காடும் களை எடுத்த காடும் பிளாட் ஆகும்போது மட்டும் இடம் கிடைக்கிறது! காடு போனதும் கூலி வேலையும் போயிற்று. ஆடு மேய்த்த பாதையில் காம்பவுண்டுச் சுவர். அந்தச் சுவருக்குள் பாத்திரம் தேய்க்கப் போகிறவள் யார்? அதே நிலத்தில் களை எடுத்தவள்தான்.

“சின்ன வீட்டுக்காரர்களும் ஏழைகள்தானே, அவர்களையும் முதலாளி என்கிறீர்களா?” என்று சிலர் கேட்பார்கள். இல்லை. புருஷனை இழந்து, இரண்டு போர்ஷனை வாடகைக்கு விட்டு அதில் கஞ்சி குடிக்கிற அம்மாள் நமது எதிரி அல்ல. நியாய வாடகையால் அவருக்கு நஷ்டமும் இல்லை. வரிசை வரிசையாக லயன் வீடு கட்டி, வட இந்தியத் தொழிலாளிகளை அறைக்குப் பத்துப் பேராக அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

வேறு வழியே இல்லை என்கிறவர்கள் வியன்னாவைப் பார்க்கட்டும். 1919-க்கும் 1934-க்கும் இடையே அந்த நகர சபை பணக்காரர் வீடுகள் மீது ஏறுமுகமாக வரி போட்டு 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்டியது. கட்டியவர்கள் கம்யூனிஸ்டுகள்கூட அல்ல, சோஷல் டெமாக்ரட்டுகள். 1930-இல் திறந்த ஒரு கட்டிடத்தில் மட்டும் 1,382 வீடுகள். அதற்குக் கார்ல் மார்க்சின் பெயர். வாடகை ஒரு தொழிலாளியின் கூலியில் நூற்றுக்கு நாலு பங்கு அளவில்தான் இருந்தது. 1934-இல் பாசிஸ்டுகள் அந்தச் சுவர்களைப் பீரங்கியால் சுட்டார்கள். கட்டிடம் இன்றும் நிற்கிறது, ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 2014-இல் மாநகராட்சி ஆன திண்டுக்கல்லால் நூறு வாடகை வீடாவது மில் தொழிலாளிக்குக் கட்ட முடியாதா?

நியாய வாடகை சட்டத்துக்குத் திரும்பி வர வேண்டும். அட்வான்ஸ் ஷரத்தில் இருக்கிற ‘வேறுவிதமான ஒப்பந்தம்’ என்ற ஓட்டையை அடைக்க வேண்டும். மலையடிவாரத்தில் மனை போட அனுமதி கொடுக்கிற சர்க்கார், அங்கே உழைத்தவனுக்கு முதலில் மனைப்பட்டா கொடுக்க வேண்டும். இவை சும்மா வராது. வாடகை கொடுக்கிற தோழர்கள் இந்த மாதமே ரசீது கேளுங்கள். தர மறுத்தால் தேதியையும் தொகையையும் நோட்டில் எழுதி வையுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, கரண்டுக்கு யூனிட் என்ன விலை என்பதையும் எழுதிக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். பத்து வீட்டுக் கணக்கு சேர்ந்தால் வாடகை அதிகாரிக்கு மனு எழுதலாம். நூறு வீடு சேர்ந்தால் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாகவே போகலாம்.