நர்ஸ் படித்தால் யாருக்கு நஷ்டம்?

ஆர்.கே.பேட்டைக்கு ஒரு கல்யாணத்துக்காகப் போயிருந்தேன். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிற ஊர். ராமகிருஷ்ணராஜப்பேட்டை என்று முழுப் பெயரைச் சொன்னால் பஸ் கண்டக்டரே ஒரு நிமிஷம் யோசிப்பார். பாதி வீட்டில் தெலுங்கு, பாதி வீட்டில் தமிழ், தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம்.

பந்தி நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வேர்த்துக் கொட்டி, இலை மேலேயே சாய்ந்துவிட்டார். "ஹார்ட் அட்டாக்", "காரை எடு", "தண்ணி தெளி" என்று ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். சாம்பார் வாளியோடு நின்றிருந்த ஒரு பெண் வாளியைக் கீழே வைத்தார். பெரியவரின் நாடியைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மனைவியிடம், "காலைல சுகர் மாத்திரை போட்டாரா? அப்புறம் எதுவும் சாப்பிடலையா?" என்று இரண்டே கேள்வி. ஆளுக்கு நினைவு இருக்கிறதா, விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு, சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் பெரியவர் பாயசம் எங்கே என்று கேட்டார். அவர் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பெண், மாப்பிள்ளைக்கு அண்ணி முறை. வயது 34. ஜி.என்.எம். டிப்ளமோ முடித்து 12 வருஷமாக நர்ஸ். முதல் நாலு வருஷம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. மிஷினில் கை மாட்டிக்கொண்டு வருகிற பையன்களைப் பார்த்துப் பார்த்தே கையில் பயம் போய்விட்டது என்றார். இப்போது திருவள்ளூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் திருத்தணி, அங்கிருந்து மின்சார ரயில். முதல் நாள் நைட் டியூட்டியில் 18 படுக்கைகளைத் தனியாகப் பார்த்துவிட்டு, காலையில் வந்து இரண்டு மணி நேரம் தூங்கி, பிறகுதான் பரிமாற வந்திருந்தார்.

சாப்பாடு முடிந்ததும் செல்போனை நீட்டினார். "அண்ணா, நீங்க பத்திரிகைல இருக்கீங்களே. இது நிஜமான்னு விசாரிச்சுச் சொல்றீங்களா?"

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு விளம்பரம். வீட்டிலிருந்தே பி.எஸ்சி. நர்ஸிங். லீவு போட வேண்டாம். வகுப்புக்கு வர வேண்டாம். ஒரே வருஷம். கட்டணம் 65 ஆயிரம், தவணையிலும் கட்டலாம். கல்லூரி பெயர் இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் பணம் கட்டிய பிறகுதான் தெரியுமாம். லாட்டரிச் சீட்டில்கூட எந்த மாநிலம் என்று போட்டிருப்பார்கள்.

விசாரித்தேன். விசாரிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ம் ஆண்டு விதிகளின்படி, தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் நர்ஸிங் இருக்கிறது. எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம், இன்ஜினீயரிங் எல்லாம் இருக்கிற அதே பட்டியல். ஆக, அந்த விளம்பரம் மோசடி. "கட்டாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"சரிண்ணா. அப்ப நான் எப்படித்தான் படிக்கிறது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வாரம் முழுக்க அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

சட்டப்படி வழி உண்டு. போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்ஸிங் என்று ஒரு படிப்பே டிப்ளமோ முடித்தவர்களுக்காக இருக்கிறது. இரண்டு வருஷம். ஆனால் முழு நேரம். வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் உட்கார வேண்டும். நான் பி.காம். படித்தவன், கணக்குப் போடாமல் இருக்க முடியாது. போட்டேன். அவர் சம்பளம் 16 ஆயிரம். இரண்டு வருஷத்துக்கு 3,84,000 ரூபாய் வரவு போச்சு. கல்லூரிக் கட்டணம், பஸ் காசு, புஸ்தகம் எதையும் நான் சேர்க்கவே இல்லை. பட்டம் வாங்கி வந்தால் சம்பளம் எவ்வளவு கூடும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார். மாசம் ஆயிரம் ரூபாய் சேர்த்துத் தரலாம் என்றார்களாம். அதாவது போட்ட முதல் திரும்பிவர 384 மாசம். 32 வருஷம்! படித்து முடிக்கும்போது 36 வயது. அசல் கைக்கு வரும்போது 68. உலகத்தில் எந்த பேங்க் மேனேஜரும் இந்தத் திட்டத்துக்கு லோன் தர மாட்டார்.

அரசு வேலைக்குப் போனாலாவது பட்டத்துக்கு மரியாதை உண்டா? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும்போது டிப்ளமோவும் தகுதி, பட்டமும் தகுதி. ஒரே வேலை, ஒரே சம்பளம். 2015-ல் அந்த வாரியம் மூலமாகத் தேர்வு எழுதித் தேறியவர்களுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தபோதுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. பட்டம் வாங்கினவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார், டிப்ளமோக்காரரும் அங்கேதான்.

'அப்புறம் எதற்குப் பட்டம்? நர்ஸுக்கு அனுபவம் போதாதா?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகளை எம்.எஸ். படிக்க அமெரிக்கா அனுப்பியவர்களாக இருப்பார்கள். அது கிடக்கட்டும். லிண்டா ஐக்கன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2003-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்து வெளியிட்டார். பட்டம் பெற்ற நர்ஸ்களின் விகிதம் 10 சதவிகிதம் கூடுதலாக இருக்கிற ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளி இறக்கும் வாய்ப்பு 5 சதவிகிதம் குறைவு. 2014-ல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகளை வைத்துப் பார்த்தபோது அது 7 சதவிகிதமாக இருந்தது. அதற்கு இது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் நோயாளி சரிந்துகொண்டே போகிறார் என்பதை முதலில் கவனிக்கிற ஆள் நர்ஸ். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. ராத்திரி மூணு மணிக்குக் கண் முழித்திருப்பது யார்?

அதே 2014 ஆராய்ச்சியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒரு நர்ஸ் பார்க்கிற நோயாளிகளில் ஒருவர் கூடினால், இறக்கும் வாய்ப்பும் 7 சதவிகிதம் கூடுகிறது. ஆஸ்பத்திரி முதலாளிகள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு, 'எங்களிடம் எல்லோரும் பி.எஸ்சி.' என்று போர்டு மாட்டி, 18 படுக்கைக்கு ஒரு ஆளையே வைத்திருப்பார்கள் என்ற பயம் எனக்கு உண்டு.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்? 2010-லேயே அங்கே ஒரு பெரிய நிபுணர் குழு, 2020-க்குள் 80 சதவிகித நர்ஸ்கள் பட்டதாரிகளாக வேண்டும் என்று சொன்னது. நியூயார்க் மாநிலம் 2017 டிசம்பரில் சட்டமே போட்டது: புதிதாகச் சேர்கிறவர்கள் 10 வருஷத்துக்குள் பட்டம் வாங்கியாக வேண்டும். நைட் டியூட்டிக்காரர் எப்போது படிப்பார்? ஆன்லைனில். வேலையில் இருந்தபடியே, வீட்டிலிருந்தபடியே டிப்ளமோவைப் பட்டமாக்குகிற படிப்புகள் அங்கே ஏராளம்.

உடனே ஒருவர் கை தூக்குவார். 'ஊசி போடுவதை கம்ப்யூட்டரில் கற்றுக்கொள்ள முடியுமா சார்?' முடியாது. முடியவே முடியாது. பிளஸ் டூ முடித்த பெண்ணை லேப்டாப் முன்னால் உட்காரவைத்து நர்ஸ் ஆக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளை முதலில் நானே எதிர்ப்பேன். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது 12 வருஷம் ஊசி போட்ட பெண்ணைப் பற்றி. மற்றவர்கள் குத்திக் குத்திப் பார்த்துக் கைவிட்ட குழந்தையின் கையில், ஒரே குத்தில் ரத்தக்குழாயைக் கண்டுபிடிக்கிற பெண்ணைப் பற்றி. அவருக்கு இனிமேல் தேவைப்படுவது ஆராய்ச்சிக் கட்டுரையைப் படிக்கிற பழக்கம், புள்ளிவிவரம், மேலாண்மை, மனநலம், சமுதாய சுகாதாரம் மாதிரி சங்கதிகள். இதையெல்லாம் ராத்திரி டியூட்டி ரூமில் உட்கார்ந்து படிக்க முடியாதா? புதிதாக நர்ஸ் ஆகிறவருக்கும் ஏற்கெனவே நர்ஸாக இருக்கிறவருக்கும் ஒரே பூட்டைப் போட்டதுதான் 2020 விதியின் கோளாறு.

இது நம் ஊரில் நடக்காத காரியமும் இல்லை. இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொண்ணூறுகளிலிருந்தே போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யைத் தொலைநிலையில் நடத்தி வந்திருக்கிறது. நர்ஸிங் கவுன்சில் ஒப்புதலோடு. இரண்டு வருஷ அனுபவம் வேண்டும், நுழைவுத் தேர்வு உண்டு, குறைந்தபட்சம் மூன்று வருஷம் படிக்க வேண்டும், நேர்முக வகுப்பும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் கட்டாயம். ஏனோதானோ படிப்பு இல்லை. ஆனால் இடம் குறைவு, மையங்கள் அதைவிடக் குறைவு. இதே இக்னோ மூலமாகத்தான் கிராமத்து நல்வாழ்வு மையங்களில் போடுவதற்காக, வேலையில் இருக்கிற நர்ஸ்களுக்கு ஆறு மாச சமுதாய சுகாதாரச் சான்றிதழ்ப் படிப்பும் நடத்தினார்கள். டாக்டர் போகாத கிராமத்துக்கு அனுப்ப நர்ஸ் தேவைப்பட்டபோது அரசாங்கத்துக்குத் தொலைநிலைப் படிப்பு இனித்தது. அதே நர்ஸ் தனக்கென்று ஒரு பட்டம் கேட்டால் மட்டும் தரம் கெட்டுவிடுமா?

கதவைத் திறந்தால் சர்டிபிகேட் வியாபாரிகள் நுழைவார்கள் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று நர்ஸிங் பள்ளிகள் 7,600 போலி டிப்ளமோக்களைக் காசுக்கு விற்றதாக எஃப்.பி.ஐ. வழக்குப் போட்டது. ஆனால் அவை ஆன்லைன் கடைகள் இல்லை, கட்டடமும் போர்டும் உள்ள பள்ளிகள். கட்டடம் இருந்தால் மோசடி நடக்காது என்று தமிழ்நாட்டுக்காரர்களான நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அப்புறம், அந்த 65 ஆயிரம் ரூபாய் விளம்பரக்காரன் எங்கிருந்து வந்தான்? முறையான கதவு சாத்தியிருப்பதால்தான் அவன் சந்து வழியாக வருகிறான்.

டாக்டர்களைப் பாருங்கள். அரசு டாக்டர் மேற்படிப்புக்குப் போக நம் மாநிலத்தில் 50 சதவிகித இடஒதுக்கீடு உண்டு. அதைக் காப்பாற்ற உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை போய், 2020 ஆகஸ்டில் ஜெயித்தும் வந்தோம். நல்ல விஷயம். கட்சி பேதம் இல்லாமல் எல்லோரும் கைதட்டினோம். அரசு நர்ஸ்களுக்கும் 'சர்வீஸ் கேண்டிடேட்' என்று கொஞ்சம் இடம் இருக்கிறது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்கு? அவருக்காக எந்தக் கட்சியும் எந்தக் கோர்ட்டுக்கும் போனதாக எனக்கு நினைவில்லை.

இத்தனைக்கும் ஆர்.கே.பேட்டையிலிருந்து வேலூர் ஒன்றும் தூரமில்லை. இந்தியாவில் பி.எஸ்சி. நர்ஸிங் முதன்முதலாக ஆரம்பித்தது 1946-ல், டெல்லியிலும் அதே வேலூர் சி.எம்.சி.யிலும்தான். 80 வருஷத்தில் அந்தப் பட்டம் பக்கத்து ஊருக்கு வந்து சேரவில்லை.

என்ன செய்யலாம்? திருவள்ளூரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2023 மத்திய பட்ஜெட்டில் புது மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி 157 நர்ஸிங் கல்லூரிகள் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் பங்கு 11. அந்தக் கட்டடங்களில் பிளஸ் டூ முடித்த பெண்கள் மட்டும்தான் படிக்க வேண்டுமா? பாடத்தை எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆன்லைனில் நடத்தட்டும். செய்முறைக்கு வாரத்தில் ஒரு நாள் மாவட்ட மருத்துவக் கல்லூரிக்கு வரட்டும். பரீட்சையை ஹாலில் உட்காரவைத்து, கேமரா வைத்து, எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் நடத்துங்கள். இந்தப் பெண்கள் பயப்பட மாட்டார்கள். பழைய கவுன்சில் சட்டத்தை மாற்றித்தான் 2023-ல் நாடாளுமன்றம் தேசிய நர்ஸிங் ஆணையத்துக்குச் சட்டம் போட்டிருக்கிறது. விதியைத் திருத்த இதைவிட நல்ல சந்தர்ப்பம் எது?

வாரத்தில் அந்த ஒரு நாளுக்குச் சம்பளத்தோடு லீவு தர ஆஸ்பத்திரியைக் கட்டாயப்படுத்த வேண்டும். படித்து வந்தவருக்குச் சம்பளத்தை நிஜமாக உயர்த்த வேண்டும். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியிலேகூட நர்ஸுக்கு 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது என்றது. கேரளம் 2018 ஏப்ரலில் அதைக் குறைந்தபட்ச சம்பளமாகவே அறிவித்தது. அங்கே நர்ஸ்கள் சங்கம் வைத்து, தெருவில் இறங்கி வாங்கினார்கள். நம் கல்யாண வீட்டு சிஸ்டருக்குப் பத்து வருஷம் கழித்தும் 16 ஆயிரம்தான்.

நேற்று அவருக்கு போன் செய்து இக்னோ விவரங்களைச் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. விண்ணப்பத்தோடு வைக்க அனுபவச் சான்றிதழ் வேண்டும். ஆஸ்பத்திரியில் கேட்டால், "வேலையை விட்டுட்டு வெளிநாடு போகப் போறியா?" என்கிறார்களாம். அவருடைய ஒரிஜினல் டிப்ளமோ சர்டிபிகேட்டும் சேர்ந்த நாளிலிருந்து ஆபீஸ் பீரோவில்தான் இருக்கிறது.

"மூணு தடவை கேட்டுட்டேண்ணா. அடுத்த திங்கக்கிழமை வந்து பாருன்னு சொல்லியிருக்காங்க. அன்னிக்கு எனக்கு நைட்டு. காலைலயே போயிடறேன்."