இருபதாயிரமும் நாற்பதாயிரமும்

நாஜிகள் பறித்த கலைச்செல்வங்கள் மீதான வழக்குகளைத் தீர்க்க ஜெர்மனி ஒரு நடுவர் மன்றம் அமைத்திருக்கிறது. 2025 டிசம்பர் 1 அன்று அது வேலையைத் தொடங்கியது. மொத்தம் 36 நடுவர்கள். 2003 முதல் இருந்த ஆலோசனைக் குழு இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்தும் முப்பது பரிந்துரைகளைக்கூட எட்டவில்லை என்பதால், புதிய மன்றத்துக்குப் பாராட்டு குவிகிறது. பாராட்டுகிறவர்களும் குறை சொல்கிறவர்களும் ஓவியங்களையே பேசுகிறார்கள். அருங்காட்சியகம், ஏலம், கோடிகள். புத்தகம் என்ற சொல் அந்த விவாதத்தில் தப்பித்தவறிகூட வருவதில்லை.

எனக்கு எரிச்சல் அங்கேதான். ஜெர்மானிய யூதர்களின் வாழ்க்கை ஓவியங்களில் நடக்கவில்லை, புத்தக அலமாரியில் நடந்தது. 1780களில் மோசஸ் மெண்டல்சோன் தோராவை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்து அதை ஹீப்ரு எழுத்திலேயே அச்சிட்டார். இத்திஷ் பேசிய பிள்ளைகள் அதன் வழியே ஜெர்மனுக்குள் நுழைந்தார்கள். சட்டம் அவர்களை ஜெர்மன் பேரரசு முழுவதிலும் சம குடிமக்களாக ஏற்க 1871 ஆயிற்று. சட்டத்துக்கு ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் முன்னால் வாசிப்பு போய்விட்டது. பின்வந்த தலைமுறைகளில் சாதாரணக் கடைக்காரர் வீட்டிலும் ஷில்லரும் கேத்தேயும் ஹைனேயும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். 1920இல் ஃபிராங்பர்ட்டில் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் பெரியவர்களுக்கென்றே ஒரு கல்விக்கூடம் நடத்தினார். கடைசிக் குளிர்காலத்தில், நோயோடு, காஃப்கா பெர்லினில் யூதவியல் உயர்கல்விக்கூடத்தின் வகுப்பறையில் மாணவராகப் போய் உட்கார்ந்தார். ஹிட்லர் வந்த பிறகும் வாசிப்பு நிற்கவில்லை. பல்பொருள் அங்காடிகள் நடத்திய சல்மான் ஷாக்கென், 1933 இறுதியில் கையடக்கமான மலிவு நூல் வரிசை ஒன்றைத் தொடங்கி, 1938இல் பதிப்பகத்தை மூடும்வரை விடாமல் வெளியிட்டார்.

அந்த அலமாரிகள் என்னவாயின? இரண்டு எண்களைச் சொல்கிறேன். 1933 மே 10 இரவு பெர்லின் ஓபரா சதுக்கத்தில் எரிந்தவை சுமார் 20,000 புத்தகங்கள். 1943இல், யூதர்களை நாடுகடத்தி வெறுமையாக்கிய வீடுகளிலிருந்து அள்ளிய புத்தகங்களை, பெர்லின் மாநகர நூலகம் நகரசபை அடகுக் கடையிலிருந்து விலைக்கு வாங்கியது. அவை 40,000க்கும் மேல். எரிந்ததைப் போல இரு மடங்கு. வீட்டுக்கு 200 புத்தகம் என்று வைத்தால் 200 குடும்பங்கள். வீட்டுக்கு ஐம்பதுதான் என்றால் 800. எரிந்தவை வேறு பிரதிகளாகவாவது எங்கோ பிழைத்தன. வாங்கியவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. ஏனென்றால் அவற்றின் முதல் பக்கத்தில் ஒரு பெயர், ஒரு பிறந்தநாள் வாழ்த்து, ஒரு தாத்தாவின் கையெழுத்து இருந்தது.

எரிந்த 20,000க்கு நினைவுச்சின்னம் உண்டு. 1995இல் மிக்கா உல்மன் அதே சதுக்கத்தில் (இப்போது பெபல் சதுக்கம்) தரைக்கடியில் வெள்ளை நிறக் காலி அலமாரிகளை அமைத்தார். சுமார் 20,000 புத்தகங்களுக்கு இடம். சுற்றுலாப் பயணிகள் கண்ணாடி வழியே குனிந்து பார்க்கிறார்கள். அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் மாநகர நூலகம். வாங்கிய 40,000க்கு அங்கே கிடைத்தது வரவுப் பதிவேட்டில் ஓர் எண். நாஜிகளிடமிருந்து வந்த பல நூல்கள் 'அன்பளிப்பு' என்றே பதிவாயின. முத்திரைகள் சுரண்டப்பட்டன, பெயர்ச்சீட்டுகள் கிழிக்கப்பட்டன.

இந்த நூலகமாவது இப்போது நூல்களின் உரிமையாளர்களைத் தேடுகிறது. 1937 ஹனுக்கா பண்டிகைக்கு ஒரு சிறுவனுக்குப் பரிசாக எழுதிக் கொடுத்த கதைப்புத்தகம் ஒன்று, எழுபது ஆண்டு கழித்து அவனைத் தேடிப் போனது. முகாம்களிலிருந்து உயிர்தப்பி அவர் அமெரிக்காவில் கிழவராகியிருந்தார். சந்தையில் அந்தப் புத்தகத்துக்கு என்ன விலை என்று கேட்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

புதிய மன்றத்துக்கு வருவோம். பொது நிறுவனம் முன்கூட்டியே சம்மதம் கொடுத்து வைத்திருந்தால், வாரிசு தனியாகவே மன்றத்தை அணுகலாமாம். யார் அணுகுவார்? பெர்லினிலிருந்து மட்டும் 55,000க்கு மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். பல குடும்பங்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. மிஞ்சியவரின் பேத்திக்கு, தன் கொள்ளுத்தாத்தாவின் ஹைனே தொகுதி இன்ன நூலகத்தில் இன்ன அடுக்கில் இருப்பது எப்படித் தெரியும்? ஓவியத்துக்குப் படம் இருக்கும், விற்பனைச் சீட்டு இருக்கும். வீட்டுப் புத்தகத்துக்கு என்ன இருக்கிறது? சிவில் சட்டத்தின் முப்பதாண்டுக் கெடுவும் எப்போதோ தாண்டிவிட்டது. நாஜிகள் பறித்தவற்றைத் திருப்பித் தருவது பற்றிய 1998 வாஷிங்டன் கோட்பாடுகள் சட்டமல்ல, வாக்குறுதி. கேட்பவரே வராத வாசலில் 36 பேரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஆள் இல்லை, பணம் இல்லை என்கிறார்கள் நூலகத் தரப்பில். 1946இல் ஆஃபன்பாக் நகரில், நாஜிகள் பறித்த நூல்களைப் பிரித்துத் திருப்பி அனுப்ப, அமெரிக்க ராணுவம் ஒரு கிடங்கு திறந்தது. கணினி கிடையாது. பொறுப்பாளர்களில் ஒருவரான ஐசக் பென்கோவிட்ஸ், நூல்களிலிருந்த முத்திரைகளைப் படம் எடுக்க வைத்து, ஹீப்ரு எழுத்து ஒன்றுகூடத் தெரியாத ஜெர்மன் தொழிலாளிகளுக்கு அவற்றின் உருவத்தை மனப்பாடம் செய்வித்தார். மூன்றே ஆண்டுகளில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் பிறவும் அங்கே பிரிபட்டு வெளியேறின. வாரிசற்ற நூல்களை உலகின் யூத நூலகங்களுக்குப் பிரித்தனுப்பிய அமைப்பின் செயலாளராக ஜெர்மனிக்கு வந்து அலைந்தவர் ஹன்னா ஆரெண்ட். அங்கே வந்தவை பெரும்பாலும் நிறுவனங்களின் சேகரம், வீட்டுப் புத்தகத்தைக் கண்டுபிடிப்பது கடினம் என்பார்கள். கடினம்தான். எண்பது ஆண்டு அவகாசம் இருந்ததே!

1945க்கு முன் அச்சாகி, 1933க்குப் பின் ஜெர்மன் பொது நூலகங்களில் வரவான ஒவ்வொரு நூலும், எப்படி வந்தது என்று நூலகம் காட்டும்வரை பறித்த சொத்தாகவே கொள்ளப்பட வேண்டும். வாரிசு நிரூபிக்கக் கூடாது, நூலகம் நிரூபிக்கட்டும். ஐந்தாண்டுக் கெடு போதும். முதல் பக்கத்துப் பெயர்களையெல்லாம் படம் எடுத்து உலகம் பார்க்க வெளியிடட்டும். ஒருவரும் தேடி வராதவற்றை அந்த பெபல் சதுக்கத்து வெள்ளை அலமாரிகளில் கொண்டுபோய் வைக்கட்டும், பெயர் எழுதிய பக்கம் மேலே தெரியும்படி.