கொடுக்காதே என்றோம், பிறகு?

மெடிக்கல் கடை கவுன்ட்டரில் நிற்பவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுத்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: டாக்டர் சீட்டு இல்லாமல் போதைக்கு மாத்திரை கேட்டால் கொடுக்காதே. சரி, கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்டு வந்த பையன் எங்கே போவான்?

டாபென்டடால் என்ற வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிப் படித்துப் படித்து நமக்கு மரத்துப்போய்விட்டது. 2018-ல் டிரமடால் என்ற இன்னொரு வலி மாத்திரையைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதே வகையைச் சேர்ந்த டாபென்டடால் அப்போது வெளியே நின்றது. கூடுதல் கட்டுப்பாடு உள்ள அட்டவணை எச்1 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு, அதை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சிசிடிவி மாட்டு, ஸ்டாக் காட்டு, ரெய்டு வருவோம். எல்லாம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அத்தனையும் மாத்திரையைக் காப்பாற்றும் ஏற்பாடு. மனுஷனைக் காப்பாற்ற என்ன ஏற்பாடு?

எங்கள் பக்கத்துக் கடையில் ஓர் இரவு பார்த்தேன். இருபது வயதுகூட இருக்காது அவனுக்கு. கை நடுங்குகிறது. "அக்கா, ஒரு அட்டை மட்டும் குடுங்கக்கா." கடைப்பெண் குரலை உயர்த்தினாள்: "சீட்டு இல்லாம தர முடியாது, கிளம்பு. போலீஸைக் கூப்பிடவா?" அவன் போய்விட்டான். அவள் என்னிடம் சொன்னாள்: "எனக்கும் பயமா இருக்குண்ணா. தனியா நிக்கிறேன். வேற என்ன சொல்லணும்னு யாரும் சொல்லித் தரலை."

அவள் மேல் என்ன தப்பு? மருந்தைப் பதிவுபெற்ற பார்மசிஸ்ட்தான் கொடுக்க வேண்டும் என்கிறது 1948-ஆம் வருடப் பார்மசி சட்டம். பல கடைகளில் அவருடைய சான்றிதழ் சுவரில் தொங்குகிறது, ஆளைக் காணோம். அந்த இடத்தில் நிற்பது பிளஸ் டூ முடித்த இவள். பதற்றத்துக்குக் கொடுக்கும் அல்பிரசோலம் மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் விழுங்கியவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று இவளுக்கு யார் சொன்னார்கள்? மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்து, எழுப்பினாலும் எழாமல் ஒருவன் கிடந்தால் அது தூக்கமில்லை, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? பிரிட்டனில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகத் தரும் மெதடோன் மருந்தைப் பலருக்கு மருந்துக்கடையிலேயே, பார்மசிஸ்ட் கண்முன் குடிக்க வைக்கிறார்கள். முகம் பார்க்கிறார்கள், உடம்பு எப்படி என்று கேட்கிறார்கள். நம் கடையில் அவ்வளவு வேண்டாம். "இதை நான் தர முடியாதுப்பா. ஆனா இதுக்கு வைத்தியம் இருக்கு, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போ" என்று திட்டாமல் சொல்லத் தெரிந்தால் போதும்.

பார்மசிஸ்டுகளுக்குப் புத்தாக்கப் பயிற்சி என்று 2015-ஆம் வருடப் பார்மசி நடைமுறை விதிகளிலேயே இருக்கிறது. அதில் ஒரு மதியத்தை இதற்கு ஒதுக்குவதில் என்ன கஷ்டம்? கவுன்ட்டரில் நிற்கும் பிள்ளைகளையும் அதில் உட்கார வையுங்கள் என்று பார்மசி கவுன்சிலையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையையும் கேட்கிறேன். கடை முதலாளிகளே, அதுவரை ஒரு காகிதத்தில் 14446 என்று எழுதி, கேட்பவர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் தேசிய எண் அது. கூப்பிடக் காசு கிடையாது.