பில் போய்ச் சேர்ந்ததா?

கடைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எழுதி வந்த நம்மில் பலர், இப்போது அதைக் கிளவுட் எனப்படும் தொலைதூர சர்வருக்கு மாற்றி வருகிறோம். மாற்றுவது தவறல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் சரக்கோடு கம்ப்யூட்டரும் நனைந்து, பாக்கிக் கணக்கு அழிந்து நின்ற வியாபாரிகளை நாம் அறிவோம். கணக்கு வேறிடத்தில் பத்திரமாக இருப்பது நல்லதே. ஆனால் மாற்றித் தர வருபவர்கள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு.

முன்பு பில் போடும் மென்பொருள் தனித்து நின்றது. இன்று அது இ-இன்வாய்ஸ் தளத்தோடும், இ-வே பில் தளத்தோடும், வங்கியோடும், கிடங்கு இருப்புக் கணக்கோடும் பேச வேண்டியிருக்கிறது. இடம் மாற்றும்போது நாம் அஞ்ச வேண்டியது இந்தப் பேச்சு அறுந்து போவதைத்தான். அறுந்தால் மணி அடிப்பதில்லை. கல்லாவில் வழக்கம்போல் பில் அச்சாகும். லாரியில் சரக்கு ஏறும்.

நமக்குத் தெரிந்த மளிகை மொத்த வியாபாரி ஒருவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். சரக்குப் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது, எச்.எஸ்.என். எண்களின் முன்னால் இருந்த பூஜ்யம் உதிர்ந்துவிட்டது. மிளகின் எண் 0904 என்றும், சீரகத்தின் எண் 0909 என்றும் தொடங்குபவை. பூஜ்யம் போனதால் அந்த பில்களை இ-இன்வாய்ஸ் தளம் திருப்பி அனுப்பியது. திரும்பிய செய்தி மென்பொருளின் ஏதோ ஒரு மூலையில் கிடந்தது. சர்க்கரை, எண்ணெய் பில்கள் ஒழுங்காகப் போனதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. அடுத்த மாதம் 14ஆம் தேதி 2பி பட்டியல் வந்த பிறகுதான், இன்புட் எடுக்க முடியாத சில்லறைக் கடைக்காரர்கள் வந்து நின்றார்கள். வரித் தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்கள். சிலர் கொள்முதலையே வேறு மண்டிக்கு மாற்றிக்கொண்டார்கள். நாணயமான வியாபாரி, ஒரு பூஜ்யத்தால் பெயர் கெட்டார்.

2023 ஆகஸ்டு 1 முதல், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் பிற வணிகர்களுக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் எண் பெற்றாக வேண்டும். எண் பெறாத பில் சட்டப்படி பில் ஆகாது. விற்பனை 10 கோடியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, 2025 ஏப்ரல் 1 முதல், பில் தேதியிலிருந்து 30 நாள் கடந்தால் தளம் ஏற்பதில்லை. ஆகவே தாமதமாகக் கண்டுபிடிப்பதும் கண்டுபிடிக்காததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பில் போய்விட்டது, பதில்தான் வரவில்லை என்ற நிலை இன்னும் சிக்கலானது. பில் எண்ணை மாற்றாமல் மறுபடி அனுப்பினால், இது முன்பே பதிவானது என்று தளம் சொல்லிவிடும், கேடில்லை. அவசரத்தில் பையன் புது எண் போட்டு அனுப்பினால், ஒரே சரக்குக்கு இரண்டு பில், இரண்டு வரி. தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரமே உண்டு.

பதில் வராதபோது ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பதும் தீர்வல்ல. 2025 ஏப்ரல் 12 அன்று நாடெங்கும் யு.பி.ஐ. முடங்கி, நம் கடைகளில் வாடிக்கையாளர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது நினைவிருக்கும். முடிவு தெரியாத பரிமாற்றங்களின் நிலையை வங்கிகள் திரும்பத் திரும்ப விசாரித்ததால் நெரிசல் ஏற்பட்டது என்று பின்னர் தெரியவந்தது. எத்தனை முறை கேட்கலாம் என்று அதன் பிறகு வரம்பு விதிக்கப்பட்டது.

எனவே மென்பொருள் விற்பவரிடம் விலையைப் பேசுமுன் இவற்றைப் பேச வேண்டும். ஒவ்வொரு பில்லும் சென்றதா, ஏற்கப்பட்டதா, திரும்பியதா என்பது திரையில் தெரிய வேண்டும். திரும்பியவை தனிப் பட்டியலாக நின்று, காரணம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். பட்டியலில் ஒன்று விழுந்தாலும் முதலாளியின் போனுக்குச் செய்தி வர வேண்டும். பதில் வராத பில்லின் நிலையை முதலில் விசாரித்துவிட்டு, அதே எண்ணில்தான் மறுபடி அனுப்ப வேண்டும். முதல் ஒரு மாதம் பழைய மென்பொருளை மூடாமல் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். இவற்றை வாயால் ஒப்புக்கொண்டால் போதாது; எழுத்தில் வாங்க வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் நம்மைத் தட்டிக் கழிப்பார்கள். சங்கம் ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்துக் கொடுத்தால் தட்ட முடியாது. அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ள வேண்டுமென்பது நம் கோரிக்கை.

நம் பங்கும் இருக்கிறது. நம் தந்தையர் காலத்தில் சிட்டையையும் பேரேட்டையும் ஒத்துப் பார்க்காமல் கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனதில்லை. அந்த வழக்கத்தை மெஷின் வந்ததும் கைவிட்டோம். இன்று போட்ட பில் எத்தனை, தளம் ஏற்றது எத்தனை, தொகை ஒன்றா? இரவு கடை எடுத்து வைக்குமுன் பத்து நிமிடம் போதும். கணக்கு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். அதைச் சரிபார்க்கும் கண் நம் கடையில் இருக்க வேண்டும்.